பித்தப்பை எடுத்த பிறகு பித்தநீர் எங்கிருந்து வருகிறது?

4 பிப்ரவரி 2024, இரவு 10.15 (கேள்வி)

வயது 57. போன ஆகஸ்டில் கல்லுக்காகப் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். வலி போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து காலை டிபன் உள்ளே போன அரை மணிக்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, தண்ணீராக, எரிச்சலோடு. ஸ்கேன், எல்.எஃப்.டி. என்கிற கல்லீரல் ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை எல்லாம் நார்மல். "பயம்தான் காரணம், கவலையை விடுங்க" என்கிறார்கள். பித்தப்பை இல்லையென்றால் பித்தநீரே கிடையாது, அதனால்தான் செரிக்கவில்லை என்கிறார் என் மைத்துனர். அப்படியா? யாருக்காவது இது வந்ததா?

5 பிப்ரவரி, காலை 6.05

எனக்கு வந்தது அண்ணா. 2021-ல் ஆபரேஷன், அதற்கப்புறம் பதினான்கு மாதம் இதே கதை. பஸ்ஸில் ஏறுமுன் வழியில் எந்த ஸ்டாண்டில் கழிப்பறை இருக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் ஏறுவேன். இது பயம் இல்லை. காரணம் இருக்கிறது, பெரும்பாலும் மருந்தும் இருக்கிறது. டியூட்டிக்குக் கிளம்புகிறேன், இரவு விரிவாக எழுதுகிறேன்.

5 பிப்ரவரி, இரவு 9.40

முதலில் மைத்துனர் சொன்னது. பித்தப்பை பித்தநீரைத் தயாரிப்பதே இல்லை. தயாரிப்பது கல்லீரல். பை என்பது வெறும் சேமிப்புத் தொட்டி, சாப்பாட்டு நேரம் வரை பித்தநீரைப் பிடித்து வைத்து, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, எண்ணெய் உள்ள சாப்பாடு குடலுக்கு வந்ததும் சுருங்கிப் பீய்ச்சும், அவ்வளவுதான். தொட்டியை எடுத்துவிட்டால் கல்லீரல் அந்த ஈடுக்கு அதிகமாகத் தயாரித்து நேராகக் குடலுக்குள் விடுகிறது, அதுதான் நம் தொல்லை.

நான் பத்தொன்பது வருஷமாக லேபில் ரத்தம் பார்க்கிறவள். தினமும் கை வைக்கிற எல்.எஃப்.டி.யில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கே உறைத்தது. பிலிரூபின் இருக்கிறது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., அல்கலைன் பாஸ்பேடேஸ், அல்புமின் இருக்கிறது. பித்தநீரில் உண்மையில் வேலை செய்கிற பொருள், அதாவது பித்த அமிலம், அந்தப் பட்டியலிலேயே கிடையாது. ஆகவே உங்கள் எல்.எஃப்.டி. நார்மல் என்பதற்கும் உங்கள் வயிற்றுப்போக்குக்கும் சம்பந்தமே இல்லை.

பித்தநீர் என்றாலே மஞ்சள் நிறம்தான் நம் கண்ணில் நிற்கிறது. அந்த மஞ்சள், பச்சை எல்லாம் பிலிரூபின், அதன் உறவுகள். பழைய சிவப்பணு உடைந்து வந்த கழிவு அது. பித்த அமிலத்துக்கு நிறமே கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு ஒரு விஷயத்துக்கு வேண்டும்.

6 பிப்ரவரி, காலை 5.50

நேற்று ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். "அதிகமாகத் தயாரித்து" என்றேன். பை போய்விட்டால் கல்லீரல் மடங்கு மடங்காகத் தயாரிக்கத் தொடங்குவதில்லை. மாறுவது நேரமும் ஓட்டமும். முன்பு பையில் ராத்திரி முழுக்கத் தங்கியது இப்போது எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, குடலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தச் சுற்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

6 பிப்ரவரி, இரவு 10.20

சுற்றைச் சொல்கிறேன்.

கும்பகோணம் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு ஒரு சின்ன சோடா கம்பெனி இருந்தது, கோலி சோடா. கடைகளுக்கு தினமும் நூற்றுக்கணக்கில் சோடா போகும். ஆனால் கம்பெனியில் இருந்த பாட்டில்கள் கொஞ்சம்தான். காலி பாட்டில் சாயங்காலம் திரும்பி வரும், கழுவி மறுபடி நிரப்புவார்கள். உடைந்தது, காணாமல் போனது எத்தனையோ அத்தனைக்கு மட்டும் தாத்தா புதுசு வாங்குவார்.

பித்த அமிலமும் அப்படித்தான். நம் உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கிற மொத்த பித்த அமிலம் ஏறத்தாழ 3 கிராம். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. அது ஒரு நாளைக்கு ஆறிலிருந்து பத்துத் தடவை கல்லீரலுக்கும் குடலுக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. அதனால் குடலுக்குள் ஒரு நாளில் 20, 30 கிராம் வேலை நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 95 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடும். மலத்தோடு போகிறது ஒரு நாளைக்கு அரை கிராம் போல. கல்லீரல் புதிதாகச் செய்வதும் அந்த அரை கிராம்தான்.

திரும்பி வருகிற இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அங்கே இதற்கென்றே ஒரு பம்பு இருக்கிறது. அது உறிஞ்சி ரத்தத்தில் விட, போர்டல் சிரை வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தக் கடைசிப் பகுதியைத் தாண்டிப் பெருங்குடலுக்குள் அளவுக்கு மேல் போனால்தான் வினை. பெருங்குடல் தண்ணீரை உறிஞ்ச வேண்டிய இடம். பித்த அமிலம் அங்கே போய் அதை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது, உப்பும் தண்ணீரும் உள்ளே இறங்குகிறது, குடலும் வேகமாக அசைகிறது. நீங்கள் சொல்கிற அவசரம், தண்ணீர், எரிச்சல் மூன்றும் அதுதான். பை எடுத்த எல்லாருக்கும் வருவதில்லை, வந்தவர்களிலும் பலருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் குறைந்துவிடும். குறையாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் யாரும் பெயர் சொல்லித் தருவதில்லை. பெயர் பித்த அமில வயிற்றுப்போக்கு.

7 பிப்ரவரி, மதியம் 1.30

"கொலஸ்ட்ராலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், எல்லாரும் சேர்த்துச் சேர்த்துப் பேசுறாங்களே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நேரடிச் சம்பந்தம். பித்த அமிலம் செய்யப்படுவதே கொலஸ்ட்ராலிலிருந்துதான். நம் உடம்புக்குக் கொலஸ்ட்ராலின் வளையத்தை உடைத்து எரிக்கத் தெரியாது. அதை வெளியேற்ற இருக்கிற பெரிய வழி, பித்தநீரில் அப்படியே கொஞ்சம் விடுவதும், மீதியைப் பித்த அமிலமாக மாற்றி விடுவதும்தான்.

27 கார்பன் உள்ள கொலஸ்ட்ராலில் வால் பக்கம் மூன்று கார்பனை வெட்டி, வெட்டிய முனையை அமிலமாக்கி, வளையத்தின் ஒரே முகத்தில் தண்ணீரோடு ஒட்டுகிற ஹைட்ராக்சில் என்ற சின்னத் துண்டுகளை ஒட்டுகிறது கல்லீரல். 17 நொதிகள் போல இதில் வேலை பார்க்கின்றன. முதல் படியைச் செய்கிற நொதிக்கு சி.ஒய்.பி.7ஏ1 என்று பெயர், வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். கடைசியில் கிடைப்பவை கோலிக் அமிலம், கீனோடியாக்சிகோலிக் அமிலம் என்ற இரண்டு. ஒரு முகம் தண்ணீரோடு ஒட்டும், மறுமுகம் எண்ணெயோடு ஒட்டும். கறிக்குழம்புச் சட்டியில் சோப்பு செய்கிற வேலையை இது குடலுக்குள் செய்கிறது. எண்ணெயை நுண்ணிய துளிகளாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டால்தான் கணையத்து நொதி அதைத் தொட முடியும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் இந்த வண்டியில் ஏறித்தான் உள்ளே போகின்றன.

7 பிப்ரவரி, இரவு 11.00

மதியம் அவசரத்தில் விட்டுப்போனது. எனக்கு இதில் மிகவும் பிடித்த படி இதுதான். அனுப்புவதற்கு முன் கல்லீரல் ஒவ்வொரு பித்த அமிலத்தின் வாலிலும் கிளைசின் அல்லது டாரின் என்கிற சின்ன மூலக்கூறு ஒன்றை மாட்டி அனுப்புகிறது. நம் உடம்பில் கிளைசின் மாட்டியதுதான் அதிகம், டாரினைப் போல மூன்று மடங்கு. எதற்கு? மாட்டாமல் விட்டால் அது சிறுகுடலின் மேல்பகுதியிலேயே சுவர் வழியாகக் கசிந்து ரத்தத்துக்குள் போய்விடும், எண்ணெய் செரிக்கிற இடத்தில் ஆள் இருக்காது. மாட்டிவிட்டால் மின்னூட்டத்தோடு நிற்கும், சுவரைத் தாண்ட முடியாது, கடைசிப் பம்பு வரை குடலுக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டு போகும். வேலை முடிந்த இடத்தில்தான் திரும்பும் கதவு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

8 பிப்ரவரி, காலை 6.15

"95 சதவீதமும் அந்தப் பம்பு வழியாகவா?" என்று கேட்டவர் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். பெரும்பகுதி பம்பு, ஆனால் முழுக்க அல்ல. பெருங்குடலுக்குப் போகிறதில் கொஞ்சத்தை அங்கிருக்கிற பாக்டீரியா மாற்றுகிறது. கிளைசின், டாரினைக் கழற்றுகிறது, அப்புறம் ஒரு ஹைட்ராக்சிலையும் பிடுங்குகிறது. கோலிக் அமிலம் டியாக்சிகோலிக் ஆகிறது, கீனோடியாக்சிகோலிக் லித்தோகோலிக் ஆகிறது. டியாக்சிகோலிக்கில் ஒரு பங்கு பெருங்குடல் சுவர் வழியாகவே கசிந்து திரும்பி, கல்லீரலில் மறுபடி கிளைசின், டாரின் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்துவிடும். லித்தோகோலிக் கல்லீரலுக்கு நஞ்சு, திரும்பி வருகிற கொஞ்சத்தையும் கல்லீரல் சல்பேட் ஒட்டி வெளியே தள்ளிவிடுகிறது.

10 பிப்ரவரி, இரவு 9.10

அண்ணா, நீங்கள் தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

எனக்குக் கொடுத்தது கொலஸ்டைரமின் என்கிற பொடி. அது ரத்தத்துக்குள் போவதே இல்லை. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக் கட்டிக்கொண்டு மலத்தோடு போய்விடும். தண்ணீரில் மணல் மாதிரி நறநறக்கும், நான் மோரில் கலந்து குடித்தேன். நான்காவது நாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் எங்கும் ஓடாமல் பேப்பர் படித்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பிரிட்டனில் செகாட் என்று ஒரு சோதனை இருக்கிறது. மிகச் சிறு கதிரியக்கம் உள்ள பித்த அமிலத்தைக் காப்ஸ்யூலில் விழுங்க வைத்து, ஏழு நாள் கழித்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் வழியில் ஒழுகுகிறது என்று அர்த்தம். நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அதைப் பார்த்ததில்லை. எனக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். ஆனால் நீங்களாகக் கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள். எடை குறைந்தாலோ, ரத்தம் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ அது வேறு கதை, குடல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

10 பிப்ரவரி, இரவு 9.35

முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்தப் பொடி பித்த அமிலத்தை மட்டும் பிடிக்காது, வேறு மாத்திரைகளையும் பிடிக்கும். நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். காலை ஐந்தரைக்கு மாத்திரை, ஆறு மணிக்குப் பொடி என்று மூன்று மாதம் எடுத்தேன். எழுதிக் கொடுத்த இடத்தில் இடைவெளி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் உப்பி, முடி கொட்டி, நாள் முழுக்கத் தூக்கம். என் ரத்தத்தை நானே ஓட்டிப் பார்த்தேன், தைராய்டு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். 3-லிருந்து 14-க்கு ஏறியிருந்தது. மற்ற மாத்திரைகள் பொடிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்தோ. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். நான் பொடியை மதியத்துக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

11 பிப்ரவரி, மதியம் 2.00

ஆமாம், அது கொலஸ்ட்ரால் குறைக்கிற மருந்தேதான், கேட்டவர் சரி. பாட்டில்களைக் கடையிலேயே பிடித்து வைத்துக்கொண்டால் கம்பெனி புதுசு வாங்கியே ஆக வேண்டும் அல்லவா? கல்லீரல் புதுப் பித்த அமிலம் செய்ய ரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இழுக்கிறது. 1984-ல் அமெரிக்காவில் 3,806 ஆண்களை ஏழு வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. இந்தப் பொடி சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் இதய நோய் மரணமும் சேர்த்து 19 சதவீதம் குறைந்தன. கொலஸ்ட்ராலை மருந்தால் குறைத்தால் இதயத்துக்கு நல்லது என்று ஓங்கிச் சொன்ன முதல் பெரிய ஆய்வுகளில் ஒன்று. ஸ்டாட்டின் மாத்திரைகள் வந்த பிறகு பொடி பின்னால் போய்விட்டது.

13 பிப்ரவரி, இரவு 10.45

நிறம் இல்லை என்பதை ஞாபகம் வைக்கச் சொன்னேன். அதற்கு வருகிறேன்.

2022-ல் என் தங்கை இரண்டாவது பிள்ளைக்கு 33 வாரம். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தது. சொறி இல்லை, தடிப்பு இல்லை, ராத்திரியில் மட்டும் தாங்க முடியாத அரிப்பு, கல்தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் எல்லாரும் "பித்தம் கூடிப்போச்சு, சூடு" என்று வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். சித்த மருத்துவம் சொல்கிற பித்தம் வேறு கணக்கு, அதில் நான் நுழையவில்லை. ஆனால் பார்த்த நர்ஸம்மாவும் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் இல்லை, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

நான் ரத்தம் எடுத்துச் சுழற்றி வைத்தேன். மேலே பிரிந்து நிற்கிற நீர், அதாவது சீரம், தண்ணீர் மாதிரித் தெளிவு. காமாலைக்காரர் சீரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், டியூபைத் தூக்கிப் பிடித்தாலே போதும். இது தெளிவு, பிலிரூபின் 0.7. அன்றைக்கு அதோடு விட்டிருப்பேன். எதுவோ உறுத்த, சீரம் பித்த அமிலம் என்று எழுதி வெளி லேபுக்கு அனுப்பினேன். 58 வந்தது.

சாதாரணமாக வெறும் வயிற்றில் 10 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டும். கர்ப்பத்தில் சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் 19-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது இப்போதைய பிரிட்டன் வழிகாட்டி. அவளுக்கு வந்ததன் பெயர் கர்ப்பக் காலப் பித்தத் தேக்கம். கல்லீரல் செல்லிலிருந்து பித்த அமிலத்தைப் பித்தநாளத்துக்குள் தள்ளுகிற பம்பு கர்ப்பத்து ஹார்மோன்களால் மந்தமாகி, போக வேண்டியது ரத்தத்துக்குப் பின்வாங்குகிறது. தாய்க்கு அரிப்பு. பிள்ளைக்குத்தான் ஆபத்து. 2019-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்த தொகுப்பில், 40-க்குக் கீழே இருந்தவர்களில் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது 0.13 சதவீதம், 40 முதல் 99 வரை 0.28, 100-ஐத் தொட்டவர்களில் 3.44. அந்த 100-ஐத் தாண்டுகிறதா என்றுதான் வாரா வாரம் பார்த்தோம். பிரிட்டனில் இது பொதுவாக 0.7 சதவீத கர்ப்பிணிகளுக்கு வருகிறது, இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களுக்கோ 1.2-லிருந்து 1.5. நம் பெண்களுக்கு அதிகம் வருகிற நோய் இது. உள்ளங்கை அரிப்பு என்று ஒரு கர்ப்பிணி சொன்னால் தயவுசெய்து கண்ணைப் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். மஞ்சள் தெரிய வேண்டிய கட்டாயமே இல்லை.

தங்கைக்கு 38-வது வாரத்தில் வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. நான்கே நாளில் அரிப்பு நின்றது.

14 பிப்ரவரி, காலை 6.00

தங்கைக்கு என்ன மாத்திரை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். உர்சோடியாக்சிகோலிக் அமிலம், அதுவும் ஒரு பித்த அமிலம்தான். உர்சுஸ் என்றால் லத்தீனில் கரடி, கரடியின் பித்தநீரில் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். இப்போது மாத்திரைக்குக் கரடி வேண்டாம், பெரும்பாலும் மாட்டுப் பித்தநீரிலிருந்து எடுத்த கோலிக் அமிலத்தை மாற்றிச் செய்கிறார்கள். அப்படியும் சீனாவிலும் வியட்நாமிலும் கரடியைக் கூண்டில் அடைத்துப் பித்தநீர் எடுப்பது நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

தங்கைக்கு அந்த மாத்திரைதான் காப்பாற்றியது என்று இரண்டு வருஷம் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். பிரிட்டனில் 600-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் செய்து 2019-ல் வெளிவந்த சோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் பிள்ளையின் நலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே நான் சொல்லி வந்ததைத் திருத்திக்கொள்கிறேன். காத்தது வாராவாரம் அளவு பார்த்ததும், சரியான வாரத்தில் பிரசவம் பார்த்ததும்.

14 பிப்ரவரி, இரவு 8.30

அடிக்கடி திருத்துகிறேன் என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். இந்தத் துறையே அப்படி வளர்ந்ததுதான் ஐயா. பித்த அமிலத்தின் அமைப்பைக் கண்டதற்காக ஜெர்மனியின் ஹைன்ரிக் வீலாண்டுக்கு 1927-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் கிடைத்தது. அவர் வரைந்த வளைய அமைப்பு தப்பு. பெர்னால் என்கிற பிரிட்டன் விஞ்ஞானி, இதே வளையக் குடும்பமான ஸ்டீராய்டுகளின் படிகங்களை எக்ஸ்ரேயில் பார்த்து, மூலக்கூறு அந்த வடிவத்தில் இருக்க முடியாது என்று காட்டிய பிறகு, 1932-ல்தான் சரியான வடிவம் வந்தது. வீலாண்டே அந்தத் திருத்த வேலையில் சேர்ந்துகொண்டார்.

17 பிப்ரவரி, மாலை 6.20

மீன் பித்தம் பற்றி ஒருவர் கேட்டதற்கு இன்றே பதில், நாளை வரை காக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ரோகு, கட்லா, கெண்டை மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்குகிற பழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். கெண்டை வகை மீன்கள் பெரும்பாலும் நம்மைப் போலப் பித்த அமிலம் செய்வதில்லை, சிப்ரினால் என்கிற பித்த ஆல்கஹாலைச் செய்து சல்பேட்டோடு வைத்திருக்கின்றன. அது சிறுநீரகத்தை அடித்துவிடும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி ஓரிரு நாளில் சிறுநீர் நின்று டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு. மீன் ஆயும்போது "பித்தத்தை உடைச்சிடாதே, கசந்துரும்" என்று ஆச்சி சொன்னதை அப்படியே கேளுங்கள், முழுதாக எடுத்துத் தூரப் போடுங்கள்.

கோரோசனை வேறு. அது மாட்டின் பித்தக்கல், அதன் மஞ்சளும் பிலிரூபின்தான்.

20 பிப்ரவரி, இரவு 11.10

"பை எடுக்காத எனக்கும் இதே வயிற்றுப்போக்கு, எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த அமிலத்தை உறிஞ்சும்போது சும்மா இருப்பதில்லை. செல்லுக்குள் எஃப்.எக்ஸ்.ஆர். என்கிற ஏற்பி அதை உணர்கிறது, 1999-ல்தான் இது பித்த அமிலத்தின் ஏற்பி என்று தெரிந்தது. உணர்ந்ததும் எஃப்.ஜி.எஃப்.19 என்கிற ஹார்மோன் ஒன்றைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. போதுமான அளவு திரும்பிவிட்டது, புதுசு செய்யாதே என்பது அதன் செய்தி. கல்லீரல் நான் சொன்ன அந்த முதல் நொதியை அடக்கிக்கொள்கிறது. சிலருக்கு இந்த ஹார்மோன் குறைவாகச் சுரக்கிறது. பம்பு நன்றாக இருக்கிறது, குடல் நன்றாக இருக்கிறது, தகவல்தான் போய்ச் சேரவில்லை. கல்லீரல் செய்துகொண்டே இருக்கிறது, பம்பால் அத்தனையையும் இழுக்க முடியாமல் மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. இவர்களில் பலருக்குக் குடல் எரிச்சல் நோய், டென்ஷன் என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். மருத்துவரிடம் பித்த அமிலம் என்ற வார்த்தையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், தப்பில்லை.

21 பிப்ரவரி, காலை 6.10

ஒரு சின்னச் சேர்க்கை. திரும்பி வருகிற பித்த அமிலம் கல்லீரல் செல்லுக்குள் நுழைகிற கதவுக்கு என்.டி.சி.பி. என்று பெயர். ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளே போகப் பயன்படுத்துவதும் அதே கதவு என்று 2012-ல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். லேபில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டாயா என்று கேட்கும்போது இதையும் சொல்வேன்.

9 மார்ச், இரவு 9.00

அண்ணா, பொடி தொடங்கிப் பத்து நாளாகிறது, திருச்சி வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகப் போய்வந்தேன் என்று எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மலச்சிக்கல் வந்தால் அளவைக் குறைக்கச் சொல்வார்கள், மருத்துவரிடம் கேளுங்கள். நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் டி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எத்தனை மணிக்கு, பொடி எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. அதை மட்டும் உடனே எழுதுங்கள்.

9 மார்ச், இரவு 9.50

ஏழு மணிக்கு மாத்திரை, பதினோரு மணிக்குப் பொடி என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. சரி, அப்படியே வையுங்கள்.